10 வருஷ விசா, 6 மாசத் தங்கல்: அமெரிக்கா போகும் அப்பா அம்மா பார்க்க வேண்டிய மூணு கணக்கு

வண்ணார்பேட்டை ஆபீஸுக்கு வரி கட்ட வர்ற அண்ணாச்சிமார்ல, பிள்ளை அமெரிக்காவுல இருக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "விசாவுல 10 வருஷம்னு அடிச்சிருக்கான்லா சார், அப்ப எவ்வளவு நாள் வேணாலும் இருக்கலாம்லா?"

இருக்க முடியாதுங்க. இது தெரியாம ஒரு நாள் கூடுதலா தங்கினாலே அந்த 10 வருஷ விசா செல்லாமப் போயிடும். பேரப்பிள்ளையோட அடுத்த பிறந்தநாளுக்குப் போகணும்னா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

நீண்ட நாள் தங்கப் போறவங்களுக்கு மூணு தனித்தனி கணக்கு ஓடுது. விசா தேதி ஒண்ணு, தங்க அனுமதிச்ச தேதி இன்னொண்ணு, வரிக்கான நாள் கணக்கு மூணாவது. இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாதது. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் கணக்கு: விசா தேதி

அப்பா அம்மா போறது பெரும்பாலும் பி1/பி2 விசாவுல. டிஎஸ்-160 படிவத்தை ஆன்லைன்ல நிரப்பணும். ஒரு ஆளுக்கு 185 டாலர் கட்டணம். விசா கிடைக்கலைன்னாலும் அது திரும்ப வராது. கைரேகை, போட்டோவுக்கு ஒரு நாள், அண்ணா சாலைத் துணைத் தூதரகத்துல நேர்காணலுக்கு ஒரு நாள்னு ரெண்டு அப்பாயின்ட்மென்ட். திருநெல்வேலியில இருந்து போறவங்க இது ரெண்டையும் அடுத்தடுத்த நாள்ல எடுத்தா ஒரே சென்னைப் பயணத்துல முடிஞ்சிடும்.

முன்னாடி 79 வயசுக்கு மேல இருந்தா நேர்காணல் இல்லாமலே விண்ணப்பிக்க வழி இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அந்த வயசுச் சலுகை கிடையாது. 80 வயசு ஆச்சியும் நேர்ல போகணும்.

நேர்காணல்ல உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. மகளைப் பார்க்க, பேரனோட இருக்கப் போறோம்னா அதையே சொல்லுங்க. சம்பளத்துக்கு எந்த வேலையும் இந்த விசாவுல செய்யக்கூடாது. தெரிஞ்சவங்க வீட்டுக் குழந்தையைக் காசு வாங்கிட்டுப் பார்த்துக்கிறதும் அதுல அடங்கும்.

விசா கிடைச்சா வழக்கமா 10 வருஷத்துக்குக் கிடைக்கும். அந்த 10 வருஷத்துக்குள்ள எத்தனை தடவை வேணும்னாலும் அமெரிக்க விமான நிலையத்துல போய் இறங்கி "உள்ளே வரலாமா"ன்னு கேட்கலாம். விசாவோட வேலை அவ்வளவுதான். எத்தனை நாள் இருக்கலாம்னு அது சொல்லாது.

ரெண்டாவது கணக்கு: ஐ-94 தேதி

எத்தனை நாள்னு முடிவு பண்றவர் இறங்கின இடத்துல இருக்கிற அதிகாரி. அவர் பதியிற ஆவணத்துக்குப் பேரு ஐ-94. பி2-வுல போனா வழக்கமா 6 மாசம் தருவாங்க. 2026 ஜனவரி 12-ம் தேதி இறங்கினா, ஜூலை 11 வரைன்னு இருக்கும். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதி ஆகுதுன்னா அதுக்கு ஏத்த மாதிரி குறைச்சுக் கொடுக்கிறதும் உண்டு. அதனால பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சிட்டுக் கிளம்புங்க. பழைய பாஸ்போர்ட்ல விசா இருந்தா ரெண்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

விமானத்துல போறவங்களுக்குக் காகித ஐ-94 கொடுக்கிறதை 2013-லயே நிறுத்திட்டாங்க. பாஸ்போர்ட்ல முத்திரை குத்தாமலும் அனுப்பலாம். அதனால வீட்டுக்குப் போன அன்னைக்கே, அமெரிக்க எல்லைக் காவல் துறையோட ஐ-94 இணையதளத்துல பேரு, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுப் பாருங்க. தேதியை ஒரு பிரதி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டி மேல ஒட்டி வைங்க. தேதி தப்பா இருந்தா அதைத் திருத்தத் தனி அலுவலகங்களே இருக்கு, உடனே போகணும்.

ரிட்டன் டிக்கெட் அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி இருக்கட்டும். கடைசி நாள்ல போட்டு, விமானம் ரத்தாகி, காய்ச்சல் வந்துன்னு ஏதாவது ஆனா சிக்கல். உடம்பு சரியில்லாமையோ வேற நியாயமான காரணத்தாலையோ கூடுதலா தங்கணும்னா ஐ-539 படிவத்துல நீட்டிப்பு கேட்கலாம். ஆனா ஐ-94 முடியறதுக்கு முன்னாடியே அது போய்ச் சேர்ந்திருக்கணும்.

கூடுதலா தங்கினா என்ன ஆகும்? ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா ரத்து. 180 நாளுக்கு மேல தாண்டிட்டு வெளியே வந்தா 3 வருஷம் உள்ளே போக முடியாது. 1 வருஷமோ அதுக்கு மேலயோ ஆனா 10 வருஷத் தடை. 65 வயசுல 10 வருஷத் தடைன்னா என்ன அர்த்தம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

மூணாவது கணக்கு: வரிக்கான நாட்கள்

இங்கதான் ஒரு ஆடிட்டரா எனக்கு வேலை. இதுல ரெண்டு பக்கமும் பார்க்கணும்.

முதல்ல நம்ம பக்கம். "182 நாள் வெளிநாட்டுல இருந்துட்டா என்ஆர்ஐ"ன்னு ஒரு நம்பிக்கை நிறையப் பேர்கிட்ட இருக்கு. உதாரணமா, பாளையங்கோட்டையில ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர் ஒரு நிதியாண்டுல 190 நாள் மகன் வீட்டுல இருந்தார்னு வைங்க. இந்தியாவுல இருந்தது 175 நாள். 182-ஐ விடக் குறைவுதான். ஆனா சட்டத்துல இன்னொரு விதி இருக்கு: அந்த ஆண்டுல 60 நாளும், அதுக்கு முந்தைய 4 ஆண்டுகள்ல மொத்தம் 365 நாளும் இந்தியாவுல இருந்திருந்தா அவர் இங்க குடியிருப்பவர்தான். வேலைக்காக வெளிநாடு போறவங்களுக்கு அந்த 60 நாள் 182-ஆ மாறும். பிள்ளையைப் பார்க்கப் போறவங்களுக்கு மாறாது. அதனால நம்ம ஆசிரியர் என்ஆர்ஐ இல்ல.

இது ஏன் முக்கியம்? என்ஆர்ஐ ஆயிட்டோம்னு நினைச்சு வங்கிக் கணக்கை என்ஆர்ஓ-வா மாத்தினா, டெபாசிட் வட்டியில 30 சதவீதமும் அதுக்கு மேல கூடுதல் வரியும் பிடிப்பாங்க. வரி பிடிக்காம இருக்க மூத்த குடிமக்கள் கொடுக்கிற உறுதிமொழிப் படிவத்தைக் கொடுக்க முடியாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல புதுசா சேரவும் முடியாது. பேரனைப் பார்த்துட்டு வர்றதுக்காகக் கணக்கை மாத்தாதீங்க. பிள்ளைங்க கிரீன் கார்டுக்குப் போட்டிருந்தா அது வேற கதை. அப்ப தனியா ஆலோசனை கேளுங்க.

இப்ப அந்தப் பக்கம். அமெரிக்க வரி ஆண்டு ஜனவரியில இருந்து டிசம்பர் வரை. அவங்க கணக்கு இப்படி: இந்த வருஷ நாட்கள் முழுசா, போன வருஷத்துல மூணுல ஒரு பங்கு, அதுக்கு முந்தின வருஷத்துல ஆறுல ஒரு பங்கு. கூட்டினா 183 வந்து, இந்த வருஷம் 31 நாளாவது இருந்திருந்தா, வரிக்கு நீங்க அமெரிக்காவுல குடியிருப்பவர். இறங்கின நாளும் கிளம்பின நாளும் கணக்குல சேரும்.

வருஷத்துக்கு 150 நாள் வீதம் 3 வருஷம் போனீங்கன்னு வைங்க. 150 + 50 + 25 = 225. தாண்டிடுச்சு. விசா விதி ஒண்ணையும் மீறல, ஐ-94-ஐயும் மீறல, ஆனாலும் உலகத்துல எங்க வருமானம் வந்தாலும் அங்க காட்ட வேண்டிய இடத்துல வந்து நிக்கிறீங்க. வண்ணார்பேட்டை வீட்டு வாடகை, பென்ஷன், டெபாசிட் வட்டி எல்லாம் அதுல வரும். அமெரிக்காவுக்கு வெளியில இருக்கிற கணக்குகள்ல மொத்தமா 10,000 டாலருக்கு மேல இருந்தா அதைத் தனியா தெரிவிக்கிற கடமையும் சேரும்.

இதுக்கு வழி இருக்கு. அந்த வருஷம் 183 நாளுக்குக் கீழ இருந்து, வீடு, குடும்பம், வங்கி எல்லாம் இந்தியாவுலதான்னு காட்ட முடிஞ்சா, 8840-ங்கிற படிவத்தைக் கொடுத்து விலகலாம். கணவன் மனைவி தனித்தனியா கொடுக்கணும். அங்க சம்பளம் இல்லாதவங்களுக்கு அடுத்த வருஷம் ஜூன் 15 வழக்கமான கடைசி நாள். வருஷா வருஷம் 120 நாளோட நிறுத்திக்கிட்டா 120 + 40 + 20 = 180; படிவமே தேவைப்படாது.

கிளம்புறதுக்கு முன்னாடி

பென்ஷன் வாங்குறவங்க உயிர்வாழ்வுச் சான்றை மறக்காதீங்க. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர், 80 வயசு தாண்டினவங்களுக்கு அக்டோபர் 1-லேயே தொடங்கிடும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு அவரவர் ஓய்வுபெற்ற மாசம். பி.எஃப். பென்ஷன்னா எப்ப வேணும்னாலும் கொடுக்கலாம், கொடுத்த நாள்ல இருந்து ஒரு வருஷம் செல்லும். அந்த மாசத்துல அங்க இருப்பீங்கன்னா, இந்தியத் தூதரகம் மூலமாவும் கொடுக்கலாம்.

இந்திய சிம் கார்டை உயிரோட வைங்க. வங்கிக்கும் ஆதாருக்கும் வருமான வரிக் கணக்கைச் சரிபார்க்கவும் ஓடிபி அதுலதான் வரும். ரோமிங்ல எஸ்எம்எஸ் வருதான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டு வைங்க. கணக்குத் தாக்கல் பண்ணின 30 நாளுக்குள்ள சரிபார்க்கலைன்னா தாக்கல் பண்ணினதுக்கு அர்த்தமே இல்ல.

பார்வையாளர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயம்னு அமெரிக்கா கேட்கிறதில்ல. அதனாலயே பலரும் விட்டுடுறாங்க. அங்க ஒரு நாள் ஆஸ்பத்திரியில படுத்தா வர்ற பில், இங்க வருஷக்கணக்கா சேர்த்த டெபாசிட்டைக் கரைச்சிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் கிடைக்குமா, எவ்வளவு வரைங்கிற பக்கத்தைப் படிச்சிட்டு வாங்குங்க. மாத்திரைகளை மருந்துச் சீட்டோட, அதோட அட்டையிலேயே கொண்டுபோங்க.

வேற நாடுகளுக்குன்னா

பிரிட்டன்லயும் இதே கதை: 10 வருஷ பார்வையாளர் விசா வாங்கினாலும் ஒரு பயணத்துக்கு 6 மாசம்தான். ஷெங்கன் நாடுகள்ல எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல கூடாது. ஆஸ்திரேலியா விசாக் கடிதத்துல 8503-ங்கிற நிபந்தனை இருக்கான்னு பாருங்க. இருந்தா அங்க இருந்துக்கிட்டே வேற விசாவுக்குப் பொதுவா விண்ணப்பிக்க முடியாது. கனடா மட்டும் பெற்றோருக்குத் தாராளம்: சூப்பர் விசாவுல 2022 ஜூலையில இருந்து ஒரே தடவையில 5 வருஷம் வரை இருக்கலாம். அதுக்குப் பிள்ளையோட வருமானம் வரம்பைத் தொடணும், 1,00,000 கனடா டாலருக்காவது மருத்துவக் காப்பீடு வேணும்.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாள்ல மூணு வரி எழுதுங்க: விசா முடியற தேதி, ஐ-94 தேதி, கடந்த 3 வருஷத்துல அங்க இருந்த நாட்கள். ஐ-94 வரியை இறங்கினதும் நிரப்பிக்கலாம். அந்தத் தாளை பாஸ்போர்ட்டோட வைங்க. உங்க ஆடிட்டர்கிட்ட போறப்ப அதையும் எடுத்துட்டுப் போங்க.