உங்களுக்குத் தெரியுமா? மீட்டரா, மீட்டர்ஸா?

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால், இந்த உயரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் சறுக்குவது ‘எஸ்’ என்ற ஓர் எழுத்தில்!

● அளவு, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் பன்மை. இணைப்புக்கோடு வேண்டாம்: ‘தி ஹில் இஸ் 1,100 மீட்டர்ஸ் ஹை’.

● முன்னால் வந்தால் ஒருமை. நடுவே கோடுகள் அவசியம்: ‘எ 1,100-மீட்டர்-ஹை ஹில்’.

‘டென்-இயர்-ஓல்டு பாய்’ என்பதும் இப்படித்தான். தமிழிலும் ‘பத்து வயதுப் பையன்’ என்கிறோம். ‘பத்து வயதுகள் பையன்’ என்பதில்லையே! அளவைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எழுதும்போது சந்தேகம் வந்தால், அந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ‘எஸ்’ தானாக உதிர்ந்துவிடும்.