"ஆள் தேறுவானா, மாட்டானா?" ஜுக்ராஜ் சிங்குக்கு மார்க் போட்ட ஊரப்பாக்கம் ரசிகர்கள்!

"அந்தப் பையன் தேறுவானா, மாட்டானா? அதைச் சொல்லுங்க முதல்ல!"

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஊரப்பாக்கம் ரெயில் நிலையத்தில் ராத்திரி ரெயிலில் வந்து இறங்கிய ஆக்கி ரசிகர்கள் இந்தக் கேள்வியோடுதான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். கிரிக்கெட் பற்றி அல்ல. சினிமா பற்றியும் அல்ல. இந்திய ஆக்கி அணியின் பின்கள ஆட்டக்காரர் ஜுக்ராஜ் சிங் பற்றி!

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் அந்த மாதம் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை போட்டி நடந்தது. 2007-ம் ஆண்டு ஆசிய கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 7–2 என்று இந்தியா சாத்திய பிறகு, 16 ஆண்டுகள் சென்னையில் சர்வதேச ஆக்கியே கிடையாது. விடுவார்களா? தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று வரிசையாக ரசிகர்கள் மின்சார ரெயில் ஏறினார்கள். ஊரப்பாக்கத்தில் ஏறினால் எழும்பூருக்குச் சுமார் ஒரு மணி நேரம். போகிற ஒரு மணி நேரம் ஜோசியம். வருகிற ஒரு மணி நேரம் பஞ்சாயத்து.

அந்தப் பஞ்சாயத்தில் நாட்டாமை, ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். எதிர்க்கட்சி, கல்லூரி அணியில் 'பேக்' ஆடும் ஒரு வாலிபர். இருவருக்கும் நடுவே டிபன் பாக்சும் தண்ணீர் பாட்டிலுமாக ஏழெட்டு பேர்.

15 கார்னர், ஒரே கோல்!

முதல் ஆட்டத்தில் சீனாவை 7–2 என்று இந்தியா தோற்கடித்தது. ரெயிலில் ஒரே குஷி. மறுநாள் ஜப்பானுடன் ஆட்டம். இந்தியாவுக்கு 15 பெனால்டி கார்னர் கிடைத்தது. விழுந்தது ஒரே ஒரு கோல்! அதுவும் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் போட்டது. ஆட்டம் 1–1 என்று டிரா.

அன்று ராத்திரி ரெயிலில் பஞ்சாயத்து சூடாக இருந்தது.

"பதினைஞ்சு கார்னர் தம்பி! எங்க காலத்துல பதினைஞ்சு கார்னர் கிடைச்சா ஸ்கோர் போர்டுல நம்பர் பத்தாது" என்றார் பெரியவர்.

"உங்க காலத்துல எதிரி இப்படி முகமூடி போட்டுக்கிட்டு முன்னால வந்து விழ மாட்டான் பெரியவரே" என்றார் வாலிபர்.

வாலிபர் சொன்னதில் நியாயம் உண்டு. பெனால்டி கார்னர் என்றால் என்ன? கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் இருந்து ஒருவர் பந்தைத் தள்ளுவார். 'டி' வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார். இன்னொருவர் மட்டையால் பந்தை இழுத்து, சுழற்றி, வீசுவார். இதுதான் 'டிராக் பிளிக்'. மட்டையால் ஓங்கி அடித்தால் முதல் அடி பலகை உயரத்துக்கு மேல் போகக்கூடாது. பிளிக் செய்தால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கோலின் மேல் மூலைக்கே அனுப்பலாம். தடுப்பதற்கு கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான். அதில் ஒருவர் பந்து கிளம்பியதும் குண்டுக்கு எதிரே ஓடுவது மாதிரி ஓடி வருவார். எல்லாம் ஓரிரு விநாடி வேலை!

இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பின்கள வீரர்கள். தற்காப்பும் அவர்கள்தான், கார்னரும் அவர்கள்தான். கோல் விழுந்தால் "பிளிக்கர்" என்று பாராட்டு. எதிரி கோல் போட்டால் "பேக் எங்கே போனான்?" என்று ஏச்சு. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்!

தண்ணீர் பாட்டில் விற்றவர்

ஜுக்ராஜ் சிங் இந்திய அணியில் அப்போது பழைய ஆள் அல்ல. 2022 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த புரோ லீக் ஆட்டங்களில்தான் அணிக்குள் வந்தார். வந்த சில நாட்களிலேயே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 'ஹாட்ரிக்' கோல்! அந்த ஆட்டத்தில் இந்தியா 10–2 என்று ஜெயித்தது. அதே ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணியிலும் இருந்தார்.

அவரது பின்னணி ரசிகர்களை உருக்கி விட்டது. பஞ்சாபில் பாகிஸ்தான் எல்லையோரம் உள்ள அட்டாரி ஊர்க்காரர். அப்பா எல்லையில் மூட்டை தூக்கும் போர்ட்டர். சின்ன வயதில் ஜுக்ராஜ் எல்லையில் நடக்கும் கொடி நிகழ்ச்சியைப் பார்க்க வரும் கூட்டத்திடம் தண்ணீர் பாட்டில் விற்றிருக்கிறார். பிறகு ஆக்கி அவருக்குக் கடற்படையில் வேலை வாங்கிக் கொடுத்தது.

பெயரால் ஒரு குழப்பமும் உண்டு. "ஜுக்ராஜா? அவருக்கு கார் விபத்து ஆச்சே!" என்று சில பழைய ரசிகர்கள் கேட்டார்கள். அவர் வேறு. அந்த ஜுக்ராஜ் சிங்கும் பஞ்சாப்காரர், அவரும் பேக், அவரும் டிராக் பிளிக் மன்னன். 2001-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ஜூனியர் உலக கோப்பையை இந்தியா வென்றபோது அணியில் இருந்தவர். 2003-ம் ஆண்டு செப்டம்பரில் நடந்த கார் விபத்து, 20 வயதில் அவரது சர்வதேச ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்து விட்டது.

ரெயில்வே பெரியவர் மார்க் போடுவதில் கஞ்சத்தனம் காட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். "முன்ன ஒரு ஜுக்ராஜ்மேல ஆசை வச்சு ஏமாந்தாச்சு தம்பி. ரெண்டாவது தடவை ஏமாற மனசு வரலை" என்றார். அந்த இடத்தில் வாலிபர் பதில் பேசவில்லை. ரெயில் பரங்கிமலை தாண்டும் வரை யாருமே பேசவில்லை.

பாகிஸ்தானுக்கு எதிராக ஒன்று!

ஆகஸ்டு 6-ந் தேதி மலேசியாவை இந்தியா 5–0 என்று வென்றது. முதல் கோல் போட்டவர் நம்ம அரியலூர் கார்த்தி செல்வம். ஸ்டேடியம் அதிர்ந்தது. அந்த இரைச்சலில் கடைசிக் கோல் போட்டவரைப் பலர் கவனிக்கவில்லை. 54-வது நிமிடத்தில் அதைப் போட்டவர் ஜுக்ராஜ்.

9-ந் தேதி பாகிஸ்தான் ஆட்டம். எல்லைக்கு அந்தப் பக்கத்து அணி. எல்லையில் தண்ணீர் விற்ற பையன். கேப்டன் ஹர்மன்பிரீத் இரண்டு கோல் போட்டிருந்தார். 36-வது நிமிடத்தில் மூன்றாவது கோலை ஜுக்ராஜ் போட்டார். 4–0 என்று இந்தியா ஜெயித்தது.

"இப்ப சொல்லுங்க பெரியவரே, எத்தனை மார்க்?"

"நாலு."

"பத்துக்கு நாலா? பாகிஸ்தானுக்கு கோல் போட்டிருக்கான்!"

"கோலுக்கு நாலு போட்டாச்சு. மீதி ஆறு, அவன் தடுக்கிறதுக்கு. அதை நான் இன்னும் பார்க்கலை."

பெரியவரின் கணக்கு தனிக் கணக்கு. பேக் என்பவனை எதிரி பந்தோடு வரும்போதுதான் பார்க்க வேண்டும் என்பார். அவசரப்பட்டு மட்டையை நீட்டுகிறானா, பொறுத்திருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறானா? பந்தைப் பிடுங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறானா, நம் ஆள் இருக்கிற இடம் பார்த்துக் கொடுக்கிறானா? மற்றவர்கள் முன்னால் ஓடும்போது இவன் எங்கே நிற்கிறான்? இதெல்லாம் பேப்பரில் வராது. டெலிவிஷனிலும் பாதி தெரியாது, கேமரா பந்தோடு போய்விடும். காலரியில் உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தால்தான் தெரியும். 1980-ம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் கேப்டனாகத் தங்கம் கொண்டு வந்த நம்ம பாஸ்கரனையும் இப்படித்தான் பார்க்க வேண்டியிருந்தது என்பது அவரது வாதம்.

வாலிபருக்கு இது பிடித்துப் போனது. சும்மாவா? அவரும் பேக்தான். கல்லூரி ஆட்டத்தில் அவருக்கு யாரும் கைதட்டியது கிடையாது.

3–1 என்று பின்தங்கி...

12-ந் தேதி சனிக்கிழமை இறுதி ஆட்டம். மறுபடி மலேசியா. 9-வது நிமிடத்திலேயே பெனால்டி கார்னர். ஜுக்ராஜ் வீசினார். கோல்! ஊரப்பாக்கம் கோஷ்டி எழுந்து ஆடியது. வாலிபர் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் மைதானத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அவர் பயந்தது நடந்தது. 14, 18, 28-வது நிமிடங்களில் மலேசியா மூன்று கோல் திணித்தது. பாதி நேரத்தில் 1–3. ஐந்துக்குப் பூஜ்யம் என்று உதைபட்ட மலேசியாவா இது! "பேக்குங்க எல்லாம் எங்கய்யா?" என்று காலரியில் சத்தம். ஜுக்ராஜுக்கும் திட்டு, கேப்டனுக்கும் திட்டு. கோல் போட்ட கைக்கு அரை மணி நேரம்கூட மரியாதை இல்லை.

மூன்றாவது கால் பகுதியின் கடைசி நிமிடம். ஹர்மன்பிரீத் பெனால்டி ஸ்டிரோக்கில் ஒரு கோல். அடுத்த விநாடிகளில் குர்ஜந்த் சிங் ஒரு கோல். 3–3! 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் போட்ட கோலில் 4–3. கோப்பை இந்தியாவுக்கு. மாஸ்கோ இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை வென்ற அதே கணக்கு என்று பெரியவர் ரெயில் பூராவும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜுக்ராஜ் மார்க்? "அஞ்சு. மூணு வாங்கினதுக்கு ஒண்ணு குறைச்சேன், கோலுக்கு ரெண்டு கூட்டினேன்."

பெஞ்சில் உட்கார வைத்தார்கள்

அதன் பிறகு நடந்ததுதான் ரசிகர்களுக்கு வயிற்றெரிச்சல். அடுத்த மாதம் தொடங்கிய ஹாங்சு ஆசிய விளையாட்டுக்கான அணியில் ஜுக்ராஜ் பெயர் இல்லை. அந்த அணி தங்கம் வென்றது. அதற்கு முன் 2023 ஜனவரியில் நடந்த உலக கோப்பைக்கும் அவர் மாற்று ஆட்டக்காரர்தான். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கிலும் அதே மாற்று இடம்!

பாரீசில் கால் இறுதியில் இங்கிலாந்துக்காரர்கள் அடங்கிய பிரிட்டன் அணியுடன் ஆடியபோது, பின்கள வீரர் அமித் ரோகிதாசுக்கு சிவப்பு அட்டை காட்டினார்கள். 10 பேரை வைத்துக்கொண்டு இந்தியா சமாளித்து, ஷூட்-அவுட்டில் ஜெயித்தது. ஆனால் ஜெர்மனியுடன் அரை இறுதியில் ரோகிதாஸ் ஆடத் தடை. 16 பேருக்குப் பதில் 15 பேர். பேக் ஒருவர் குறைவு. மாற்று பேக் பாரீசிலேயே இருக்கிறார். இறக்க முடியாது! காயம் பட்டவருக்குத்தான் மாற்று, தடை வாங்கியவருக்குக் கிடையாது. அந்த ஆட்டத்தில் 2–3 என்று இந்தியா தோற்றது. பிறகு ஸ்பெயினை வென்று வெண்கலம் வந்தது.

அரை இறுதி அன்று ஊரப்பாக்கம் டீக்கடையில், "நம்ம பையன் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கானே!" என்று சத்தம் போட்டவர் யார் தெரியுமா? பத்துக்கு நாலு போட்ட அதே பெரியவர்தான். 'அந்தப் பையன்' எப்போது 'நம்ம பையன்' ஆனான் என்று வாலிபர் கேட்கவில்லை. கேட்டால் டீ காசு அவர் தலையில் விழுந்திருக்கும்.

இரண்டு பேக், ஒரு கோல்

2024 செப்டம்பர் 17-ந் தேதி. சீனாவின் குலுன்பியர் நகரில் மறுபடியும் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். எதிரி சீனா. முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்த அணி, சொந்த மண், சொந்த ஜனங்கள். மூன்று கால் பகுதி முடிந்தும் கோல் இல்லை.

51-வது நிமிடம். கேப்டன் ஹர்மன்பிரீத் பந்தோடு எதிரியின் 'டி' வட்டத்துக்குள் புகுந்தார். ஆளைத் தேடினார். பந்தை வாங்கி உள்ளே தள்ளியவர் ஜுக்ராஜ் சிங்! 1–0. அந்த ஒரு கோலில் கோப்பை.

கார்னர் அல்ல, ஸ்டிரோக் அல்ல. ஓடி வந்து போட்ட கோல். கொடுத்தவரும் பேக், போட்டவரும் பேக். முன்கள ஆட்டக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

2025 பிப்ரவரி 1-ந் தேதி ஆக்கி இந்தியா லீக் இறுதி ஆட்டம் ரூர்கேலாவில் நடந்தது. பெங்கால் டைகர்ஸ் அணிக்காக ஜுக்ராஜ் ஹாட்ரிக் போட்டார். ஐதராபாத் தூபான்ஸ் அணி 3–4 என்று தோற்றது. தொடர் முழுவதும் அவர் போட்டது 12 கோல், எல்லோரையும் விட அதிகம். தமிழ்நாட்டுக்கு டிராகன்ஸ் என்று சொந்த அணி இருந்தும், ஊரப்பாக்கம் கோஷ்டி அன்று பெங்காலுக்குக் கைதட்டியது. துரோகம்தான்!

அதே ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி ராஜ்கிரில் தென்கொரியாவை 4–1 என்று தோற்கடித்து இந்தியா ஆசிய கோப்பையை வென்றது. ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் ஜுக்ராஜ் அடித்த பெனால்டி ஸ்டிரோக்கைக் கோல்கீப்பர் தடுத்து விட்டார்.

வாலிபருக்கு இப்போது படிப்பு முடிந்து வேலை. பெரியவரை ஞாயிற்றுக்கிழமைதான் டீக்கடையில் பார்க்க முடிகிறது. பார்த்ததும் முதல் கேள்வி அதேதான்.

"மார்க் எத்தனையில நிக்குது பெரியவரே?"

"ஏழரை போட்டிருந்தேன். ஸ்டிரோக்கை விட்டான்ல, அரை குறைச்சிருக்கேன்."

"தடுக்கிறதுக்கு?"

"அதுக்குத் தனியா ஒரு நோட்டு போட்டிருக்கேன் தம்பி. கண்ணாடி போட்டுக்கிட்டுதான் பார்க்கணும். அடுத்த வாரம் எடுத்துக்கிட்டு வரேன்."