அரிசிப் பை எங்கே போனது? கட்டுரை வகுப்புக்கு ஓர் இருப்புக் கணக்கு

ஐந்தாம் படிவ மாணவர்களிடம் 'விலைவாசி உயர்வு' என்று தலைப்புக் கொடுத்தால், பத்தில் எட்டுக் கட்டுரைகளில் ஒரே வாக்கியம் வரும்: "வியாபாரிகளின் பேராசையே இதற்குக் காரணம்." 2023 செப்டம்பரில் உள்நாட்டு வெள்ளை அரிசி கடைகளில் இல்லாமல் போனபோதும் அதையேதான் எழுதினார்கள். நானும் முதலில் சந்திப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன். பெட்டாலிங் ஜெயாவில் நான் வழக்கமாக அரிசி வாங்கும் மளிகைக் கடைக்காரரிடம் பேசிய பிறகுதான் அந்த வாக்கியத்தின் பக்கத்தில் கேள்விக்குறி போட ஆரம்பித்தேன். "டீச்சர், நான் எங்க ஒளிச்சி வைக்கிறது? வந்தாதானே வைக்க முடியும்?" என்றார் அவர்.

அவர் சொன்னதைச் சரியா தவறா என்று பார்க்க உதவும் ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் செயல்முறைகள் ஆராய்ச்சி. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் இந்தப் பெயரிலேயே ஒரு பாடம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அதன் துண்டுகள் ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில், நேரியல் திட்டமிடலாகவும் நிகழ்தகவுப் பரவலாகவும் வருகின்றன. கணக்கை அவர்கள் வேறு மொழியில் படிக்கிறார்கள், கட்டுரையைத் தமிழில் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லாததால்தான் 'பேராசை' என்ற ஒரு சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்துவோம். 2023 ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. ஆகஸ்ட் 25இல் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. நம் நாட்டுக்கு அரிசி இறக்குமதி செய்யும் பொறுப்பு பெர்னாஸ் நிறுவனத்துடையது. செப்டம்பர் 1 முதல் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை அது டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. 10 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 8 ரிங்கிட் 50 சென் ஏற்றம். உள்நாட்டு வெள்ளை அரிசியின் விலையோ கட்டுப்பாட்டில் இருந்தது: 10 கிலோ 26 ரிங்கிட். அதில் மாற்றமே இல்லை. இறக்குமதி அரிசி சாப்பிட்டவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. விளைச்சல் அப்படியே இருக்க, கேட்பவர்கள் மட்டும் கூடிவிட்டார்கள்.

இப்போது கடைக்காரரின் இடத்திலிருந்து பார்ப்போம். கீழே வரும் எண்கள் வகுப்புக்காக நான் வைத்தவை. ஆண்டுக்கு 1,200 பை விற்கிறார். ஒருமுறை சரக்கு எடுக்க லோரி வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 30 ரிங்கிட். ஒரு பையை ஆண்டு முழுக்க வைத்திருந்தால் இடம், முடங்கிய பணம், வண்டு விழும் சேதம் என்று 5 ரிங்கிட். ஒருமுறைக்கு எத்தனை பை எடுப்பது?

ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913இலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். ஆண்டுத் தேவையை எடுப்புச் செலவால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வைப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 1,200 பெருக்கல் 30 பெருக்கல் 2, வகுத்தல் 5 என்றால் 14,400. அதன் வர்க்கமூலம் 120. ஆண்டுக்குப் பத்து முறை, முறைக்கு 120 பை. அப்போது எடுப்புச் செலவு 300 ரிங்கிட், வைப்புச் செலவும் 300 ரிங்கிட்.

மாணவர்கள் இதோடு நின்றுவிடுவார்கள். நிற்க விடாதீர்கள், 120க்குப் பதில் 180 எடுத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மொத்தச் செலவு 600இலிருந்து 650 ஆகும், அவ்வளவுதான். ஒரேயடியாக இரட்டிப்பாக்கி 240 எடுத்தாலும் 750தான். கொஞ்சம் தவறினாலும் இந்தச் சூத்திரம் பெரிதாகத் தண்டிக்காது. கணக்கே போடாத நம் தாத்தா காலத்துக் கடைக்காரர்கள் பழக்கத்தை வைத்தே பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எவ்வளவு எடுப்பது என்பதைவிட எப்போது எடுப்பது என்பதுதான் கடினம். வாரத்துக்குச் சராசரியாக 24 பை போகிறது என்று வைப்போம். சொன்னதிலிருந்து சரக்கு வந்து சேர நான்கு வாரம். கையில் 96 பை இருக்கும்போது சொன்னால் சரியாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் சராசரி என்பது பாதி நேரம் அதற்கு மேலே போகிற ஒன்று. 96இல் சொன்னால் ஏறக்குறைய இரண்டில் ஒரு முறை அலமாரி காலியாகும்.

அதனால்தான் பாதுகாப்பு இருப்பு. வாரத் தேவையின் திட்ட விலக்கம் 6 பை என்றால், நான்கு வாரத்துக்கு அது 24 ஆகாது. ஒரு வாரம் கூடினால் இன்னொரு வாரம் குறையும். ஆகவே நான்கின் வர்க்கமூலமான இரண்டால் பெருக்கினால் போதும், 12 பை. நூற்றுக்கு 95 முறை சமாளிக்க, இயல்நிலைப் பரவல் அட்டவணை தரும் 1.645ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 20 பை. 116 பை இருக்கும்போது சொன்னால் கவலை இல்லை.

வரும் நாளே நிச்சயமில்லை என்றால்? நான்கு வாரம் என்பது சில சமயம் மூன்று, சில சமயம் ஐந்து. அதாவது வரத்துக் காலத்தின் திட்ட விலக்கம் ஒரு வாரம். இந்த இடத்தில் மாறற்படிகளைத்தான் கூட்ட வேண்டும், விலக்கங்களை அல்ல. தேவையின் பங்கு 12இன் வர்க்கம், 144. வரத்தின் பங்கு வாரத் தேவையான 24இன் வர்க்கம், 576. கூட்டினால் 720. வர்க்கமூலம் 26.8, அதை 1.645ஆல் பெருக்கினால் 44 பை. பாதுகாப்பு இருப்பு 20இலிருந்து 44க்கு ஏறிவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர்கூட அதிகம் வாங்கவில்லை. லோரி வரும் நாள் தெரியாததுதான் காரணம். 2023ஐப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும் என்பேன். 24 பை கூடுதலாக வைப்பவர் பேராசைக்காரர் இல்லை. நாளை வரும் பாட்டியிடம் "அரிசி இல்லம்மா" என்று சொல்ல விரும்பாதவர்.

அடுத்தது, விலை ஏறும் என்ற பேச்சு. ஆகஸ்டில் ஒரு கடைக்காரர் இறக்குமதி அரிசியில் 100 பை கூடுதலாக வாங்கலாமா என்று யோசிக்கிறார். விலை ஏறினால் 850 ரிங்கிட் மிச்சம். ஏறாவிட்டால் அரை ஆண்டு வைப்புச் செலவாக 250 ரிங்கிட் நஷ்டம். தீர்மானக் கோட்பாடு இதற்கு ஒரே விடை தராது. 'எது நடந்தாலும் குறைந்தபட்சம் என்ன கிடைக்கும்' என்று பார்ப்பவர் வாங்க மாட்டார், ஏனென்றால் வாங்காவிட்டால் நஷ்டமே இல்லை. 'பின்னால் எது அதிகம் வருத்தும்' என்று பார்ப்பவர் வாங்குவார், 850ஐ விட்டுவிட்ட வருத்தம் 250 இழந்த வருத்தத்தைவிடப் பெரியது. சராசரிப் பலனைப் பார்ப்பவருக்கு 250ஐ 1,100ஆல் வகுத்தால் போதும். விலை ஏற 23 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு இருப்பதாக நினைத்தால் வாங்குவது லாபம்.

ஒருவர் செய்தால் இது விவேகம். நூறு கடைகள் ஒரே வாரத்தில் செய்தால் 10,000 பை, அதாவது 100 டன், கிட்டங்கியை விட்டு வெளியேறிவிடும். பிறகு மொத்த வியாபாரி பங்கு பிரித்துக் கொடுப்பார். கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்ததும் எல்லாரும் இரண்டு மடங்கு கேட்பார்கள். இதைத்தான் ஹாவ் லீ, வி. பத்மநாபன், சுங்ஜின் வாங் ஆகிய மூவரும் 1997இல் எழுதிய சாட்டை விளைவுக் கட்டுரையில் ஒரு காரணமாகக் காட்டினார்கள். சாட்டையின் பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. பெயருக்கு விளக்கம் அதுதான்.

இதனால் பதுக்கலே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. அரிசி, 1994ஆம் ஆண்டு நெல், அரிசி கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று விற்க வேண்டிய பொருள். உள்நாட்டு அரிசியை இறக்குமதிப் பையில் மாற்றிக் கட்டி விற்பது கணக்கில் வராத குற்றம். ஆனால் 'பதுக்கல்' வேறு, 'பாதுகாப்பு இருப்பு' வேறு. விற்க மறுத்து வைப்பது முன்னது, விற்கத் தவறக்கூடாது என்று வைப்பது பின்னது. கருத்து விளக்கக் கட்டுரையில் இந்த வேறுபாட்டை எழுதிய மாணவர் பிரச்சினையை விளக்கியவராகிறார். பேராசை என்று மட்டும் எழுதியவர் திட்டியவராகத்தான் நிற்கிறார்.

வகுப்பில் கொடுக்க ஒரு பயிற்சி. அரிசி அடுத்த மாதமும் விற்கும், பூமாலை விற்காது. பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிக்கு முதல் நாள் மாலை விற்பவருக்குச் சராசரித் தேவை 200 மாலை, திட்ட விலக்கம் 40. மாலை ஒன்று 5 ரிங்கிட்டுக்கு எடுத்து 8க்கு விற்கிறார், மிஞ்சினால் குப்பைதான். எத்தனை எடுக்கலாம்? குறைந்துபோனால் ஒரு மாலைக்கு 3 ரிங்கிட் இழப்பு, மிஞ்சிப்போனால் 5 ரிங்கிட் இழப்பு. 3ஐ 8ஆல் வகுத்தால் 0.375. அந்த நிகழ்தகவுக்கு அட்டவணையில் வருவது ஏறத்தாழ மைனஸ் 0.32. விடை சுமார் 187, அதாவது சராசரியைவிடக் குறைவு. எடுக்கும் விலை 3 ரிங்கிட் ஆகிவிட்டால் விடை 213 ஆகும். தேவை மாறவே இல்லையே, விடை மட்டும் ஏன் மாறியது என்பதை மாணவர்கள் ஐந்து வரியில் தமிழில் எழுதட்டும்.