டியூபில் 50, தோலில் எவ்வளவு?

கொச்சி வெயிலில் சைக்கிள் ஓட்டுபவர்கள் சன்ஸ்கிரீன் வாங்கும்போது எண்ணைப் பார்க்கிறார்கள். பூசும்போது அளவைப் பார்ப்பதில்லை.

களமசேரியில் தொடங்கி ஏலூர், சேராநல்லூர் வழியாக வல்லார்பாடம் துறைமுக முனையத்துக்குப் போகும் கன்டெய்னர் சாலை சுமார் 17 கிலோமீட்டர் நீளம். வழியில் காயலும் சதுப்பும் பாலங்களும்தான். நிழலுக்கு ஒதுங்க மரம் அபூர்வம். விடியற்காலையில் லாரிகளுக்கு நடுவே ஹெல்மெட்டும் அரைக்கால் சட்டையுமாக சைக்கிள்காரர்கள் விரைவது இங்கே பழகிப்போன காட்சி. ஆறு மணிக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்புகிறவருக்கு வெயிலால் பெரிய தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடையில் பேச்சு நீண்டு, பத்தரை மணிக்கு அதே பாலத்தில் ஏறித் திரும்புகிறவருக்குத்தான் ஆபத்து. காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருப்பதால் சூடு உறைக்காது. புற ஊதாக் கதிர் காற்றுக்கு அசைவதில்லை.

ஏலூருக்கு சைக்கிள் புதிதல்ல. திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் 1943இல் தொடங்கிய ஃபாக்ட் உர நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த தொழிற்பேட்டை இது. ஷிப்டுக்கு சைக்கிள் மிதித்துப் போன தலைமுறைக்கு சன்ஸ்கிரீன் என்ற பெயரே தெரியாது. முழுக்கைச் சட்டையும் தலையில் ஒரு துண்டும் போதுமானதாக இருந்தது. அது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது கணக்குப் போட்டால் புரியும்.

அதற்கு முன் வெயிலின் கணக்கு. கொச்சி பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதுவும் கடிகாரத்தின் 12 மணிக்கல்ல. இந்திய நேரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை ஒட்டி வகுக்கப்பட்டதால் கொச்சியில் உச்சிப் பொழுது ஏறக்குறைய 12.25. பிப்ரவரியில் இன்னும் பதின்மூன்று பதினான்கு நிமிடம் தாமதம். மூன்று மணி ஆகிவிட்டதே என்று கிளம்புகிறவர், சூரியக் கணக்கில் இரண்டரைக்குத்தான் கிளம்புகிறார். கடிகாரத்தைவிட நம்பகமானது சொந்த நிழல். அது ஆளின் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர்கள் கடுமை.

இந்தக் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீட்டெண் கனடாவில் 1992இல் அறிமுகமானது. எண் 8ஐத் தொட்டால் மிக அதிகம், 11ஐத் தொட்டால் உச்சம். 2025 மார்ச்சில் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஊர்வாரியாக இந்த எண்ணை வெளியிட்டு, சில இடங்களுக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளும் விடுத்தது. காலை 10 முதல் பிற்பகல் 3 வரை வெயிலைத் தவிர்க்கச் சொன்னது. மழை எச்சரிக்கைக்குப் பழகியிருந்தவர்களுக்கு இது புதுமை.

கருத்த தோலுக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. தோலின் நிறமியான மெலனின் ஓரளவு கவசம்தான். மிகக் கருத்த தோலின் மேலடுக்குக்கு இயற்கையிலேயே எஸ்.பி.எஃப். 13 அளவுக்குப் பாதுகாப்பு இருப்பதாக 1979இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. வெள்ளையரிடம் காணப்படும் அளவுக்குத் தோல் புற்றுநோய் இங்கே இல்லை. ஆனால் கன்னத்தில் படரும் மங்கு, வெயில் பட்டதும் கிளம்பும் அரிப்புத் தடிப்புகள், கழுத்திலும் முன்கையிலும் சீக்கிரமே விழும் சுருக்கம் ஆகியவை நம்மவர்களையும் விடுவதில்லை. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் மெலனின் கவசமே கிடையாது. தவிர, கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. வெயில் ஒன்றும் செய்யவில்லை என்ற நினைப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். சிவப்பழகு வியாபாரிகள் சன்ஸ்கிரீனைத் தங்கள் அலமாரியில் சேர்த்துக்கொண்டது இன்னொரு கேடு. நிறம் வெளுக்க அல்ல இந்தக் களிம்பு.

இனி அந்த எண். எஸ்.பி.எஃப். என்பது தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களுக்கு எதிரான பாதுகாப்பின் அளவு. 15 என்றால் அக்கதிர்களில் சுமார் 93 சதவிகிதம், 30 என்றால் 97, 50 என்றால் 98 தடுக்கப்படுகின்றன. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே விலை ஏறுகிற அளவுக்குப் பாதுகாப்பு ஏறுவதில்லை. மேலும் இந்த எண் ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பெறப்பட்டது. வீட்டில் ஜனங்கள் பூசுவது பொதுவாக அதில் பாதி, அல்லது கால் பங்கு. பாதி பூசினால் 50 என்பது 25ஐ ஒட்டி நிற்கும், அல்லது அதற்கும் கீழே போகும்.

அரைக்கைச் சட்டை, அரைக்கால் சட்டை அணிந்த சராசரி ஆளுக்கு முகம், காது, கழுத்து, முன்கைகள், புறங்கைகள், முழங்காலுக்குக் கீழே எல்லாம் சேர்த்து இந்த அளவில் பூச ஏறக்குறைய 11 கிராம் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். மூன்று மணி நேரச் சவாரிக்கு இரு முறை, அதாவது 20 கிராமுக்கு மேல். 50 கிராம் டியூப் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான் வரும். ஒரு டியூபை ஆறு மாதம் வைத்திருப்பவர் எவ்வளவு பூசுகிறார் என்பதை அவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

துண்டுக்காரர்களின் புத்திசாலித்தனம் இங்கேதான் தெரிகிறது. முழுக்கைச் சட்டையும் முழுக்காற்சட்டையும் அணிந்தால் பூச வேண்டிய இடம் முகம், காது, கழுத்து, புறங்கை அளவுக்குச் சுருங்கி, நாலு கிராமுக்குள் வேலை முடிந்துவிடும். துணியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் அதன் தடுப்புச் சக்தி மேலும் குறைகிறது. நெருக்கமாக நெய்த, சற்று அடர் நிறமுள்ள செயற்கை இழைச் சட்டையும் கழற்றி மாட்டக்கூடிய கையுறைகளும் மேல்.

வாங்கும்போது மூன்று விஷயம் பார்த்தால் போதும்: எஸ்.பி.எஃப். 30 அல்லது 50; யு.வி.ஏ. பாதுகாப்பு, அதாவது பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று நான்கு கூட்டல் குறிகள். தண்ணீரைத் தாங்கும் தன்மை. மூன்றாவதுதான் சைக்கிள்காரருக்கு உயிர். அமெரிக்க விதிகளின்படி இதை 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று குறிக்க வேண்டும். கொச்சியின் புழுக்கத்தில் 80தான் உதவும். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமேற்றிய வகையைத் தேடலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை.

வியர்வையோடு வழிந்து கண்ணை எரிப்பதுதான் பலர் இதைக் கைவிடக் காரணம். வண்டி ஓட்டும்போது கண் எரிந்தால் வெயிலைவிட லாரி ஆபத்து. நெற்றியில் புருவத்துக்கு மேலே மெழுகுபோல் இறுகிய ஸ்டிக் வகையைத் தடவி, ஹெல்மெட்டுக்கு அடியில் ஒரு பட்டைத் துணி கட்டினால் வழியாது. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்தவை பொதுவாக எரிச்சல் குறைந்தவை. முகத்தில் வெள்ளை பூத்து நிற்கும், அவ்வளவுதான். (டைட்டானியம் தாதுவான இல்மனைட் கேரளத்துச் சவராவிலும் நம் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலாகவே கிடக்கிறது.) ஸ்பிரே வகை காற்றில் பாதி போய்விடும்.

குனிந்து ஓட்டுவதால் பின்கழுத்து, காது மடலின் மேல்விளிம்பு, கைப்பிடியைப் பற்றிய விரல் முட்டிகள், கெண்டைக்கால் ஆகியவை வெயிலை அதிகம் வாங்குகின்றன. பூசும்போது முதலில் மறந்துபோகிற இடங்களும் இவைதான். தலைமுடி குறைந்தவர்களுக்கு ஹெல்மெட்டின் காற்றுத்துளைகள் வழியே உச்சந்தலையில் கோடு கோடாகக் கருக்கும். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசி, உள்ளங்கையைக் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் பிரேக் வழுக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள பையில் கொதிக்க விட்ட டியூபின் மருந்துக்குச் சத்து குறையும் என்பதால் அதை ஈரத் துணியில் சுற்றி வைப்பது நல்லது. தேங்காய் எண்ணெய் போதும் என்பவர்கள் கேரளத்தில் நிறைய. தோல் வறளாமல் இருக்கும். கதிரைத் தடுக்க அதை நம்பிப் பயனில்லை.

மூணாறுக்கு மலையேறுகிறவர்கள் குளிரை நம்பி ஏமாறுவது வழக்கம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 சதவிகிதம் கதிர் கூடுகிறது. மூணாறு 1,500 மீட்டருக்கு மேல். மெல்லிய மேகமும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

மழைக்காலத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வெள்ள நாட்களில் எலிக்காய்ச்சலைத் தடுக்கக் கேரளத்தில் டாக்சிசைக்ளின் மாத்திரை பரவலாகக் கொடுக்கப்படுகிறது. அது தோலை வெயிலுக்குக் கூச்சமுள்ளதாக ஆக்கும். மாத்திரையை நிறுத்துவது தவறு. அந்த வாரங்களில் முழுக்கைச் சட்டையை மறக்காமல், உச்சி வெயில் ஏறுவதற்குள் சைக்கிளை வீட்டுக்குத் திருப்பிவிட வேண்டும்.