கலந்த ஒலியைப் பிரித்தறிதல்

ஆலையினுள் ஓடும் பொறிகள் பல. மின்மோட்டார் உறுமும், நீரேற்றும் பம்பு இரையும், பற்சக்கரங்கள் கறகறவென ஒலிக்கும். இவற்றிடையே, சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் பேரிங்கில் மயிரிழை அளவு வெடிப்பொன்று தோன்றுமாயின், உருளைகள் அதனைக் கடக்குந்தோறும் மெல்லிய தட்டொலி எழும். பேரிரைச்சலில் அஃது எவர் செவிக்கும் எட்டாது. நாளடைவில் வெடிப்பு வளரும், பேரிங் இறுகும், தண்டு முறியும், அருகில் நிற்கும் தொழிலாளியின் உயிருக்கும் ஊறு நேரலாம்.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் புலவர்தம் கற்பனை என்பர். கலந்த ஒலிகளைப் பிரிப்பதோ கணக்கினால் இயல்வதே. அஃது எங்ஙனம் எனக் காண்போம்.

மோட்டாருக்கு அருகில் ஒன்றும் பம்புக்கு அருகில் ஒன்றுமாக இரண்டு ஒலிவாங்கிகளை வைத்தோம் எனக் கொள்க. முதலாவதில் மோட்டாரின் ஒலி இரு பங்கும் பம்பின் ஒலி ஒரு பங்கும் பதிகின்றன. மற்றதில் மோட்டார் ஒரு பங்கு, பம்பு இரு பங்கு. முதற்பதிவை இரட்டித்து, அதனின்று இரண்டாம் பதிவைக் கழித்துப் பாருங்கள். பம்பின் ஒலி முற்றும் நீங்கி, மோட்டாரின் ஒலி மட்டும் மும்மடங்காய் எஞ்சும். இது நீவிர் வகுப்பில் கற்கும் ஒருங்கமைச் சமன்பாடே அன்றோ!

ஆனால், பங்குகள் இவையென நமக்குச் சொல்பவர் யார்? உண்மை ஆலையில் அவை தெரியா. மூல ஒலிகளும் தெரியா. கையில் இருப்பவை கலவைகள் மட்டுமே. அதனாற்றான் இதனைக் 'குருட்டு மூலப் பிரிப்பு' என்றனர். 1980களின் நடுப்பகுதியில் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் ழானி எரோ, கிறிஸ்டியான் ஜூட்டன் என்னும் அறிஞர் இதற்கு வழி கண்டனர். 1994-இல் பியேர் கொமோன் அதன் கணித அடிப்படையை வகுத்துரைத்தார்.

அவ்வழியின் உட்பொருள் நுட்பமானது. ஒரு பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எல்லா எண்களும் ஒத்த வாய்ப்புடையன. இரு பகடைகளை உருட்டிக் கூட்டினாலோ, 36 வகைகளுள் 7 வருவது 6 வகை. 2 வருவது ஒரே வகை. பகடைகளைப் பெருக்கப் பெருக்க, கூட்டுத்தொகை நடுவில் குவிந்து மணி போன்ற வடிவை நாடும். ஒன்றையொன்று சாராத ஒலிகள் கலக்கும்போதும் இதுவே நிகழும். எனவே, கழிக்கும் பங்கினைப் பலவாறு மாற்றி, எப்பங்கில் விடையானது மணி வடிவினின்று மிக விலகுகிறதோ, அதனையே மூல ஒலி எனக் கணிப்பொறி கொள்கிறது. வெடிப்பின் தட்டொலி விட்டுவிட்டுத் துள்ளுவது. அவ்வடிவினின்று வெகுவாக விலகியது. ஆதலின் அது மறைந்திருக்கவியலாது அகப்படும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மூலங்களின் எண்ணிக்கைக்குக் குறையாத ஒலிவாங்கிகள் வேண்டும். சுவரில் மோதி மீளும் ஒலி காலந்தாழ்த்து வந்து கணக்கைக் குழப்பும்; ஆலைகளில் பெருந்தொல்லை இதுவே. பிரித்தவற்றுள் எது மோட்டார், எது பம்பு என்பதையும் கணக்குச் சொல்லாது. தண்டின் சுழல்வேகத்தையும் பேரிங்கின் அளவுகளையும் கொண்டு, தட்டொலி நொடிக்கு எத்துணை முறை எழவேண்டும் எனப் பொறியாளரே கணக்கிட்டு, ஒப்பிட்டுத் தெளிவர்.