தாகம் தாங்கும் புல்வெளி

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் மழை பொய்த்தது. ஜனவரி 13ஆம் நாள் முதல் பிப்ரவரி 8ஆம் நாள் வரை, 27 நாள்கள் தொடர்ந்து வறட்சி நிலவியது. திடல்களிலும் சாலையோரங்களிலும் பச்சைப் பசேலென்று இருந்த புல்தரை வைக்கோல் நிறத்துக்கு மாறியது. அந்தப் பருவத்தில் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பல வீடுகளுக்குக் குழாய்நீர் முறைவைத்துப் பங்கிடப்பட்டது. பிறகு மழை திரும்பியது, புல்லும் பச்சையானது. ஓராண்டில் 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழையைப் பெறும் நமக்கு அது ஒரு சிறிய சோதனைதான்.

ஆனால், ஆண்டுதோறும் இத்தகைய வறட்சியைச் சந்திக்கும் ஓர் ஊரில் வாழ்பவர் தம் வீட்டு முற்றத்தில் புல்வெளி வளர்க்க விரும்பினால் என்ன செய்வார்? குழாயைத் திறந்து நீரை ஊற்றிக்கொண்டே இருப்பாரா? அல்லது புல்வெளியே வேண்டாம் என்று விட்டுவிடுவாரா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் வாழும் மக்கள் மூன்றாவது விடை ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். அந்த விடை அவர்கள் காலடியிலேயே இருந்தது.

இரவல் வாங்கிய அழகு

வீட்டைச் சுற்றிக் குட்டையாக வெட்டப்பட்ட புல்வெளி இருப்பதே அழகு என்னும் எண்ணம் ஐரோப்பாவில் தோன்றியது. இங்கிலாந்து போன்ற நாடுகளில் கோடைக்காலம் குளுமையாக இருக்கும். தூறலும் அடிக்கடி விழும். அங்கே புல் தானாகவே செழிக்கும். தொடக்கத்தில் செல்வந்தர்களின் மாளிகைகளில் மட்டுமே இத்தகைய புல்வெளிகள் இருந்தன. 1830ஆம் ஆண்டில் எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அதன்பிறகு, காலப்போக்கில் எளிய மக்களின் வீடுகளிலும் புல்வெளி இடம்பெற்றது.

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அந்த அழகையும் அதற்குரிய விதைகளையும் உடன் கொண்டு சென்றனர். இன்று அமெரிக்க வீடுகளில் பரவலாகக் காணப்படும் 'கென்டக்கி நீலப்புல்', பெயரில் அமெரிக்க மாநிலத்தைத் தாங்கியிருந்தாலும், குடியேறிகளுடன் கடல் கடந்து வந்த புல்லாகும். மழை மிகுந்த கிழக்கு மாநிலங்களில் அது நன்றாகவே வளர்ந்தது. மக்கள் மேற்கு நோக்கி நகர்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் ஆண்டுக்கு 400 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கிறது. பாலைவனத்தில் அமைந்த லாஸ் வேகஸ் நகருக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். அங்கெல்லாம் இந்தப் புல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மழை தராத நீரைக் குழாய் தர வேண்டும்.

அமெரிக்கக் குடும்பம் ஒன்று பயன்படுத்தும் நீரில் சராசரியாக 30 விழுக்காடு வீட்டுக்கு வெளியே செலவாகிறது என்றும், அதில் பாதிக்கும் மேல் புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் போகிறது என்றும் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குறிப்பிடுகிறது. வறண்ட மாநிலங்களில் இந்த விகிதம் இன்னும் அதிகம்.

ஆறு கொடுத்த எச்சரிக்கை

லாஸ் வேகஸ் தனக்குத் தேவையான நீரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கொலராடோ ஆற்றிலிருந்து பெறுகிறது. ஹூவர் அணைக்குப் பின்னால் இருக்கும் மீட் ஏரியில் அந்த நீர் தேங்கி நிற்கிறது. நீண்டகால வறட்சியால் அந்த ஏரியின் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், 1937ஆம் ஆண்டுக்குப் பிறகு காணாத அளவுக்கு அது இறங்கியது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். லாஸ் வேகஸில் குளியலறையிலும் சமையலறையிலும் பயன்படுத்தப்படும் நீர் வீணாவதில்லை. கழிவுநீர்க் குழாய் வழியாகச் சென்று, சுத்திகரிக்கப்பட்டு, மீண்டும் மீட் ஏரியையே அடைகிறது. ஆனால், புல்வெளிக்குத் தெளிக்கப்படும் நீர் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அது திரும்பி வருவதில்லை. ஆகவே, அந்நகரில் நீரைச் சேமிக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் புல்வெளிதான். புல்லை அகற்றிவிட்டுப் பாலைவனச் செடிகளை நடும் வீட்டுக்காரர்களுக்கு அங்குள்ள நீர் ஆணையம் பல ஆண்டுகளாகப் பணம் கொடுத்து வருகிறது. சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் வெறும் காட்சிக்காக வளர்க்கப்படும் புல்லுக்குக் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சுவதை 2026ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்த வேண்டும் என்று நெவாடா மாநிலம் 2021இல் சட்டமே இயற்றியது. பிள்ளைகள் விளையாடும் திடல்களுக்கும் தனி வீடுகளுக்கும் இந்தத் தடை இல்லை.

டென்வர் நகரின் நீர் நிறுவனம் இதற்கு முன்பே, 1981ஆம் ஆண்டிலேயே, 'சீரிஸ்கேப்' என்ற புதிய சொல்லை அறிமுகப்படுத்தியது. 'வறண்ட' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஊரின் மழைக்கு ஏற்ற செடிகளைத் தேர்ந்தெடுத்துத் தோட்டம் அமைப்பதே அதன் கருத்து. பாலைவன நகரம் புல்லுக்கு விடைகொடுத்தது. சமவெளியிலும் அதன் விளிம்பிலும் உள்ள ஊர்களோ புல்லை மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தன.

சமவெளியின் சொந்தப் புல்

அமெரிக்காவின் நடுவே வடக்கிலிருந்து தெற்காகப் பரந்து கிடக்கிறது பெருஞ்சமவெளி. ஒரு காலத்தில் காட்டெருமைகள் பெருங்கூட்டமாக மேய்ந்த நிலம் அது. அவற்றுக்கு உணவாக இருந்த குட்டைப் புற்களுள் ஒன்று 'எருமைப்புல்'. மற்றொன்று 'நீலக் கிராமா'. நீலக் கிராமாவின் கதிர் கண்ணிமை முடியைப் போல் வளைந்து தொங்கும். கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய இரு மாநிலங்களும் அதையே தங்கள் மாநிலப் புல்லாக ஏற்றுள்ளன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரங்கள் அரிதான அச்சமவெளியில் குடியேறியவர்கள், புல்லை வேரும் மண்ணுமாகச் செங்கல்போல் வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். சுவராக நிற்கும் அளவுக்கு அந்த வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்திருந்தன. பிறகு அதே புல்லை உழுது அழித்துக் கோதுமை விதைத்தார்கள். 1930களில் கடும் வறட்சி வந்தது. பயிர் கருகியது. பிடித்துவைக்க வேரில்லாத மண் புழுதிப் புயலாக எழுந்தது. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் வீசிய புயல் பட்டப்பகலை இருட்டாக்கியது. 'கறுப்பு ஞாயிறு' என்று அந்நாள் வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. சாதாரணப் புல் என்று மக்கள் நினைத்தது, உண்மையில் அந்த நிலத்தின் காவலாக இருந்தது.

எப்படித் தாங்குகிறது?

எருமைப்புல் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கிவிடும். அதன் வலிமை தரைக்குக் கீழே இருக்கிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் ஜான் வீவர், சமவெளியில் ஆழமான குழிகளை வெட்டி, புற்களின் வேர்களைப் பொறுமையாக வெளிக்கொணர்ந்து வரைந்து காட்டினார். சாணளவு புல்லின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. மேல்மண் காய்ந்தாலும் அடிமண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தை அது எட்டிப் பிடித்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் இலைக்குள் இருக்கிறது. தாவரங்கள் இலைத்துளைகள் வழியாகக் கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. துளை திறந்திருக்கும்போது நீராவி வெளியேறிவிடும். சோளம், கரும்பு போலவே எருமைப்புல்லும் கரியமில வாயுவைத் தன் இலைக்குள் செறிவாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் திறன் பெற்றது. அதனால் துளைகளைக் குறைவாகத் திறந்தாலே அதற்குப் போதும். கென்டக்கி நீலப்புல்லுக்கு இந்தத் திறன் இல்லை.

மூன்றாவது காரணம் உறக்கம். வறட்சி நீடித்தால் எருமைப்புல் பழுப்பு நிறமாகி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். செத்துவிட்டது என்று நாம் நினைப்போம். ஒரு நல்ல மழை பெய்தால் மீண்டும் துளிர்க்கும்.

வளர்க்கும் முறை

எருமைப்புல் புல்வெளி அமைக்க விரும்புவோர் முதலில் வெயிலைப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் வெயில் படும் இடமே அதற்கு ஏற்றது. மர நிழலில் அது மெலிந்துவிடும். களிமண் கலந்த நிலத்தை அது விரும்பும். மணற்பாங்கான நிலம் ஒத்துவராது. பழைய புல்லையும் களைகளையும் வேரோடு நீக்கி, மண்ணைக் கிளறிச் சமப்படுத்த வேண்டும்.

குளிர் நீங்கி மண் சூடேறிய பிறகே விதைக்க வேண்டும். இப்புல்லின் விதைகள் கடினமான ஓட்டுக்குள் சிலவாகச் சேர்ந்திருக்கும். இயற்கையில் அவை ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. ஒரு மழை ஏமாற்றினாலும் மறுமழைக்குச் சில விதைகள் காத்திருக்கும். விற்பனைக்கு வரும் விதைகள் விரைவில் முளைக்கும்படி பதப்படுத்தப்பட்டவை. விதைத்தபின் இலேசாக மண்ணால் மூடி அழுத்திவிட வேண்டும்.

முதல் சில வாரங்களுக்கு மேல்மண் காயாமல் நீர் தெளிப்பது அவசியம். வறட்சியைத் தாங்கும் புல்லும் குழந்தைப் பருவத்தில் தாகம் தாங்காது. வேர் ஊன்றிய பிறகு பழக்கத்தை மாற்ற வேண்டும். நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, நாள் இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பதே நல்லது. மேலேயே நீர் கிடைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும். ஈரம் கீழே இருந்தால் வேரும் அதைத் தேடிக் கீழே இறங்கும். அதிக நீரும் அதிக உரமும் இந்தப் புல்லுக்கு உதவுவதில்லை. அவை களைகளுக்கே விருந்தாகும். முதலாண்டில் களைகளைப் பொறுமையாகப் பிடுங்கி வந்தால், தரையில் ஓடும் தண்டுகள் பரவி இடைவெளிகளை மூடிவிடும். பிறகு ஆண்டுக்குச் சில முறை வெட்டினாலே போதும்.

இதில் குறையே இல்லை என்று கூற முடியாது. குளிர்காலம் முழுவதும் இப்புல் பழுப்பாகவே இருக்கும். வேனில் வந்தும் அண்டை வீட்டுப் புல்லைவிடத் தாமதமாகவே பச்சை பிடிக்கும். நாள்தோறும் பந்து விளையாடி மிதிக்கும் திடலுக்கு இது ஏற்றதன்று. பச்சை மட்டுமே அழகு என்ற எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்பவருக்குத்தான் இந்தப் புல்வெளி பிடிக்கும்.

நம் மண்ணுக்கு எது?

அப்படியானால் எருமைப்புல்லை நம் ஊருக்கும் கொண்டுவரலாமா? கூடாது. வறண்ட சமவெளிக்குப் பழகிய புல் நம் அடைமழையில் நலிந்துவிடும். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் புல்லை அன்று. ஊருக்கு ஏற்ற புல்லைத் தேடும் அந்தப் பழக்கத்தை.

நம் திடல்களில் பெரிதும் காணப்படும் அகன்ற இலைப் புல் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால், மெல்லிய இலைகளைக் கொண்ட மணிலாப் புல் நம் வட்டாரக் கடற்கரைகளில் இயற்கையாகவே வளர்வது. வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கப் பழகியது. தமிழர்களுக்கு நெருக்கமான அருகம்புல்லும் வறட்சிக்கு அஞ்சாதது. 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' வாழுமாறு மணமக்களை வாழ்த்திய நம் முன்னோர், புல்லின் பெருமை அதன் வேரில் இருப்பதை அறிந்திருந்தனர்.

அடுத்த முறை சில வாரங்கள் மழை பெய்யாமல் போனால், பள்ளித் திடலை ஒருமுறை சுற்றி வாருங்கள். எந்தப் புல் முதலில் பழுப்பாகிறது, எது கடைசிவரை பச்சையாக நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் அனுமதியோடு இரண்டிலும் ஒவ்வொன்றைத் தோண்டி எடுத்து, வேரின் நீளத்தை அளந்து பாருங்கள். உங்கள் மண்ணுக்கு ஏற்ற புல் எது என்பதை அந்த வேர்களே உங்களுக்குக் காட்டத் தொடங்கும்.