கைக்குள் ஒரு கடைத்தெரு – 7: முதலில் நிற்பவர் முதல்தரமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஊறிக்கொண்டிருந்தவை இரண்டு போர்வைகளும் மறுநாளைக்கு வேண்டிய பள்ளிச் சீருடையும். பதினைந்து வருடமாக வந்துபோய்க்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணன், கடையை மூடிவிட்டுச் சொந்த ஊரோடு போய்விட்டார். கைபேசியை எடுத்தேன். மெஷின் கம்பெனி பெயர், 'கஸ்டமர் கேர்', 'குரோம்பேட்டை' மூன்றையும் சேர்த்துத் தட்டினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பேச்சில் பணிவு. மேல்மூடியைக் கழற்றினார், டார்ச் அடித்துப் பார்த்தார். "போர்டு போயிருச்சு சார். கம்பெனி போர்டு ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும். கழட்டி எடுத்துட்டுப் போய் செக் பண்ணிட்டு நாளைக்குக் கொண்டு வந்துர்றேன்."

நான் தலையாட்டியிருப்பேன். என் மனைவிதான் சமையலறையிலிருந்து கேட்டாள்: "தண்ணி வெளியே போற பைப்பைப் பார்த்தீங்களா தம்பி?" அவர் பார்க்கவில்லை. பார்க்கும் உத்தேசமும் இல்லை. விசிட்டிங் சார்ஜ் 500 ரூபாயை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன்பிறகுதான் மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரில் இருந்த எண்ணை அழைத்தேன். நான் சொன்ன எண் தங்களுடையது இல்லை என்றார்கள். மறுபடி தேடிப் பார்த்தபோது, நான் அழைத்த எண்ணுக்கு மேலே எறும்பு சைஸ் எழுத்தில் 'விளம்பரம்' என்று இருந்தது.

போன வாரம், வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பார்த்தோம். பொருளைத் திருப்பி அனுப்பிவிடலாம். போர்டைக் கழற்றிக்கொண்டு போகிற மெக்கானிக்கை எங்கே போய்த் தேடுவது?

தேடுபொறியில் முதலில் நிற்கும் ஆளை நாம் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த இடம் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியது. இது கைபேசி கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. மஞ்சள் பக்கத் தொலைபேசி டைரக்டரி காலத்தில் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவார்கள். அதனால் 'ஏ-ஒன்', 'ஏஏஏ' என்று கடைக்குப் பெயர் வைத்தால் முதல் பக்கத்தில் இடம். உங்கள் ஊரில் எத்தனை ஏ-ஒன் கடைகள் என்று எண்ணிப் பாருங்கள். இன்றைக்கு எழுத்துக்குப் பதில் ஏலம், அவ்வளவுதான்.

பட்டியல் தளங்களின் கதை சற்று வேறு. அங்கே 'பெயிண்டர் வேண்டும்' என்று உங்கள் எண்ணைக் கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் நாலைந்து பேர் அழைக்கிறார்களே, எப்படி? உங்கள் தேவையே அங்கே விற்பனைப் பொருள். 'லீட்' என்பார்கள் தொழிலில். ஒரே லீட் பலருக்குப் போகும். யார் முந்தி அழைக்கிறாரோ அவருக்கு வேலை. நல்ல பெயிண்டர் அந்த நேரத்தில் சாரத்தின் மேல் நின்று பட்டி பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத்தான் உடனே அழைக்க முடியும்.

மூன்றாவது வகை, 2014இல் அர்பன்கிளாப் என்று தொடங்கி 2020இல் அர்பன் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் போன்றவை. விலையை நிறுவனமே நிர்ணயிக்கிறது, ஆளை அதுவே அனுப்புகிறது, அவர் கூலியில் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு வசதிதான். முன்கூட்டியே விலை தெரிகிறது, குறை சொல்ல ஓர் இடம் இருக்கிறது. ஆனால் 2021 அக்டோபரில் குருகிராமில் அந்த நிறுவனத்தோடு வேலை செய்த அழகுக்கலைப் பெண்கள், கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துத் தட்டுவதற்கு முன் அந்தக் காட்சி எனக்கு நினைவுக்கு வரும்.

சரி, வரைபடத்தில் கடையே தெரிகிறது, முகவரி இருக்கிறது, அதை நம்பலாமா? 2018இல் மகாராஷ்டிரத்தில் ஒரு வேலை நடந்தது. கூகுள் வரைபடத்தில் வங்கிக் கிளைகளின் தொலைபேசி எண்ணை மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணாக மாற்றி வைத்தார்கள். 'திருத்தம் பரிந்துரைக்க' என்ற வசதி எல்லோருக்கும் பொதுவானது அல்லவா! வங்கிக்கு அழைப்பதாக நினைத்தவர்கள் திருடனிடமே கார்டு விவரத்தை ஒப்பித்தார்கள். அமெரிக்காவில் இந்தக் கூத்து பெரும்பாலும் பூட்டுக்காரர்கள் பெயரில். சாவியைத் தொலைத்துவிட்டு நடுராத்திரி வாசலில் நிற்பவர் விலை விசாரிக்கும் நிலையில் இருக்க மாட்டார். வரைபடத்தில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பொய்யான பதிவுகள் இருப்பதாக 2019இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. 2025 மார்ச்சில் கூகுளே இப்படிப்பட்ட ஒரு கும்பல்மீது வழக்குத் தொடுத்தது. தொடக்கம், டெக்சாஸில் பூட்டுக்காரர் வேடம் போட்ட ஒருவரைப் பற்றி வந்த புகார்.

நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2017இல் ஊபா பட்லர் என்ற லண்டன் இளைஞர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை 'தி ஷெட் அட் டல்விச்' என்ற உணவகமாக டிரிப் அட்வைசரில் பதிந்தார். நண்பர்களை விட்டு விமர்சனம் எழுதவைத்தார். ஆறேழு மாதத்தில் அது லண்டனின் முதலிட உணவகம்! அதுவரை ஒரு தட்டுச் சோறுகூட அங்கே பரிமாறப்படவில்லை. நம் நாட்டில் இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில். எனவே நம் வேலையை நாம்தான் செய்யவேண்டும். நான் ஐந்து நட்சத்திரங்களைப் படிப்பதில்லை. திட்டியவர்களுக்குக் கடைக்காரர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று படிக்கிறேன். "அன்னைக்கு ஸ்பேர் கிடைக்கல, மறுநாள் வந்து மாத்திட்டோம்" என்று எழுதுகிறவரை நம்பலாம். "நீ எங்கள் வாடிக்கையாளரே இல்லை" என்று எல்லோருக்கும் எழுதுகிறவரிடம் போகாதீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்க நட்சத்திரத்தைவிடப் பெரிய உரைகல் ஒன்று உண்டு. தொழில் தெரிந்தவரால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற ஒரே ஒரு கேள்வி. ஏசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிரலாம்" என்ற வசனம் கேட்கும். ஏசி கேஸ் என்பது வண்டிக்கு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. அடைத்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. எனவே போனிலேயே கேளுங்கள்: "லீக் எங்கேன்னு எப்படிப் பார்ப்பீங்க?" நல்ல மெக்கானிக் நைட்ரஜன் பிரஷர் ஏற்றுவது, சோப்பு நுரை தடவுவது என்று விவரிப்பார். "கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி வேக்யூம் போடுவீங்களா?" என்றும் கேளுங்கள். உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டுத்தான் புது கேஸ் போகவேண்டும். எத்தனை கிராம் என்பது வெளியே மாட்டியிருக்கும் யூனிட்டின் தகட்டிலேயே இருக்கும். எடை பார்க்கும் தராசோடு வருகிறவர் கிடைத்தால் அவர் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். "அதெல்லாம் வேணாம் சார், கை வச்சாலே தெரியும்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

சில தேவைகளுக்குக் கேள்வியே வேண்டாம், பதிவேடு இருக்கிறது. தோல் மருத்துவர், முடி நடுகிறவர் என்று விளம்பரம் பார்த்தால், தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டில் அவர் பெயரைத் தட்டிப் பாருங்கள். வயரிங் வேலைக்கு வருகிறவரிடம் மின் உரிம வாரியத்தின் வயர்மேன் சான்றிதழைக் கேட்பதில் தப்பே இல்லை.

செப்டிக் டேங்க் விஷயத்தில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். "ஆளை இறக்கிச் சுத்தமா எடுத்துருவோம்" என்று போனில் ஒருவர் சொன்னால் அந்த நிமிடமே வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதுகாப்பின்றி ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொட்டிக்குள் தேங்கும் விஷவாயுவுக்குச் சில நொடிகளே போதும். 14420 என்ற எண்ணில் அழைத்து, உரிமம் உள்ள லாரியைக் கேளுங்கள்.

பணம் கொடுக்கும்போது மூன்றே எச்சரிக்கை. யாரும் உங்களுக்குப் பணம் அனுப்ப உங்கள் யு.பி.ஐ. பின் தேவையில்லை. 'பத்து ரூபாய் அனுப்பிப் பதிவு செய்யுங்கள்' என்று வரும் லிங்க்கைத் தொடவேண்டாம். திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் 1930, தாமதிக்காமல். சேவையில் குறை என்றால் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் கையில் பில் இருக்கவேண்டும். "பில் போட்டா ஜிஎஸ்டி ஆகும் சார்" என்ற இனிப்புக்கு மயங்கினால் வழக்குக்கு ஆதாரம் போச்சு.

வாஷிங் மெஷினுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? தெருமுனை இஸ்திரிக்காரர் ஒரு மெக்கானிக்கின் எண்ணைக் கொடுத்தார். அவருக்கு இணையத்தில் பக்கமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. வந்தார், கீழே குனிந்தார், டிரெயின் ஃபில்டரைத் திருகினார். ஒரு வாளித் தண்ணீரோடு ஒரு ஹேர்பின்னும் இரண்டு ரூபாய் நாணயமும் வெளியே வந்தன. 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். நாணயத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு வேலை செய்யுங்கள். ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், வாட்டர் பியூரிஃபையர் என்று வீட்டில் உள்ள ஒவ்வொன்றின் பின்பக்க ஸ்டிக்கரையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கம்பெனியின் அசல் எண்ணும் மாடல் எண்ணும் அதில்தான் இருக்கின்றன.

(தொடரும்)